சவர்க்காரத்தின் மீது விழுந்த ஐயம்

வெடிமருந்து கொலை நோக்கம் கொண்டவர் கையில் சேராமல் தடுப்பது அரசின் கடமை என்பதை மறுப்பவர் அரிது. 1996 ஜனவரி 31 அன்று கொழும்பு மத்திய வங்கியின் வாயிலில் விடுதலைப் புலிகள் வெடிமருந்து நிரப்பி அனுப்பிய லொறி வெடித்தபோது 91 பேர் இறந்தனர். ஏறத்தாழ 1,400 பேர் காயமுற்றனர். அவர்கள் அன்று காலை வேலைக்கு வந்திருந்த எழுதுவினைஞரும் வழியே சென்றவருமாகிய சாதாரண மக்கள். அந்த 91 உயிர்களைக் காக்க அரசு கடமைப்பட்டிருந்தது என்பதும், லொறி புறப்படும் முன்பே அந்த வெடிமருந்து தடுக்கப்பட்டிருக்க வேண்டும் என்பதும் விவாதத்துக்கு உரியன அல்ல. விவாதத்துக்கு உரியது, அக்கடமையை நிறைவேற்றும்போது அரசு எதன் மீது ஐயம் கொள்ளலாம் என்பதே: ஒரு செயலின் மீதா, அச்செயலைச் செய்யக்கூடிய ஆளின் மீதா, அதற்குப் பயன்படக்கூடிய பொருளின் மீதா, அல்லது அப்பொருளைக் கொண்டு வாழும் ஒரு நிலப்பரப்பின் மக்கள் அனைவர் மீதுமா? யாழ்ப்பாணக் குடாநாடு 1990 தொடக்கம் 2002 வரை, வடிவம் மாறியும் கடுமை ஏறியிறங்கியும் நீடித்த பொருளாதாரத் தடையினால், இக்கேள்வியின் நடுவே வாழ்ந்தது. தடையின் அரசியலைப் பற்றி நிறையவே எழுதப்பட்டிருக்கிறது. அதன் அடியில் கிடக்கும் அறக்கேள்வியும், சமய மரபுகள் அதற்குத் தரக்கூடிய விடையும் போதிய அளவு எண்ணிப் பார்க்கப்படவில்லை.

1990 ஜூனில் அரசுக்கும் புலிகளுக்கும் இடையே போர் மீண்டும் மூண்டபின், வடக்குக்குக் கொண்டுசெல்லக்கூடாத பொருள்களின் பட்டியல் ஒன்று நடைமுறைக்கு வந்தது. ஆயுதமும் வெடிபொருளும் அதில் இருந்தன என்பதில் வியப்பில்லை. அவற்றோடு பெற்றோல், டீசல், சீமெந்து, இரும்பு, யூரியா முதலிய செயற்கை உரம், பற்றரி, மெழுகுதிரி, நெருப்புப்பெட்டி, சவர்க்காரம் ஆகியவையும் காலத்துக்குக் காலம் அப்பட்டியலில் இடம்பெற்றன. மண்ணெண்ணெய் முற்றாக நிற்கவில்லை. அளவு சுருங்கி, விலை பல மடங்காகி, சங்கக்கடையில் கூப்பனுக்குக் கிடைக்கும் பொருளாயிற்று. அதே காலத்தில் மின்சாரமும் நின்றுபோனது. உயர்தரப் பரீட்சைக்குப் படித்த பிள்ளைகள் ஜாம் போத்தலில் சிறிது மண்ணெண்ணெயும் பஞ்சுத் திரியும் இட்ட விளக்கின் முன் இரவைக் கழித்தனர். செய்தி கேட்க விரும்பியவர் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, சில்லைக் கையால் சுற்றி, டைனமோவின் மின்சாரத்தில் வானொலியை இயக்கினர். உடுப்புத் தோய்க்கப் பனம்பழக் களி மீண்டும் பயன்பாட்டுக்கு வந்தது. மோட்டார் சைக்கிள்கள் சில துளி பெற்றோலில் உயிர்பெற்று மண்ணெண்ணெயில் புகைகக்கி ஓடின. வெங்காயமும் புகையிலையும் மிளகாயும் செய்த தோட்டக்காரர் பூவரசங் குழையையும் மாட்டெருவையும் தாழ்த்து மண்ணைக் காத்தனர். இந்தச் சமாளிப்பைப் புகழ்ந்து எழுதுவது பின்னாளில் ஒரு வழக்கமாகிவிட்டது. அப்புகழ்ச்சிக்கு அம்மக்கள் உரியவர்களே. ஆயினும் சமாளித்தார்கள் என்பதால் அவர்கள் மீது சுமத்தப்பட்டது நியாயமாகிவிடாது.

பட்டியலைத் தயாரித்தவர்களின் தர்க்கத்தையும் நேர்மையாக எடுத்துரைக்க வேண்டும். அமைதிக்கும் கொலைக்கும் ஒருங்கே உதவக்கூடிய பொருளை இருபயன் பொருள் என்பர். வயலுக்குப் பசுமை தருவதும் வெடிமருந்துக்கு வலிமை தருவதும் நைதரசன் என்னும் ஒரே தனிமமாகும். புலிகள் மரப்பெட்டியில் அமைத்த ஜொனி என்னும் மிதிவெடி சிறு பற்றரி ஒன்றினால் இயங்கியது. அதன் மீது கால்வைத்துப் பாதம் இழந்தவர்கள் படைவீரர் மட்டும் அல்லர். சீமெந்தும் இரும்பும் பதுங்குகுழிக்குப் போகும், எரிபொருள் போர் வாகனத்துக்குப் போகும் என்று ஒரு பாதுகாப்பு அதிகாரி கணக்கிட்டதைப் பித்தலாட்டம் என்று தள்ளிவிட முடியாது. உலகின் பிற பகுதிகளும் இதே சிக்கலைச் சந்தித்துள்ளன. 1995-இல் அமெரிக்காவின் ஒக்லஹோமா நகரில் 168 பேரைக் கொன்ற குண்டில் அமோனியம் நைத்திரேற்று உரம் இருந்தது. 2011 ஜூலை 22 அன்று ஒஸ்லோவில் குண்டு வைத்த நோர்வேக்காரன் பண்ணை வைத்திருப்பவனாகத் தன்னைக் காட்டிக்கொண்டு உரம் வாங்கியவன். வட அயர்லாந்தில் 1972-இலேயே அமோனியம் நைத்திரேற்று அனுமதிப்பத்திரம் இன்றிக் கைக்கொள்ளக்கூடாத பொருளாயிற்று. ஆனால் அங்குள்ள விவசாயிக்குச் சுண்ணாம்புச் சேர்மம் கலந்து வீரியம் குறைத்த மாற்று உரம் தொடர்ந்து கிடைத்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2019-இல் இயற்றிய ஒழுங்குவிதி, வெடிமருந்துக்கு மூலப்பொருளாகக்கூடிய இரசாயனங்களைப் பொதுமக்களுக்கு விற்பதைக் கட்டுப்படுத்துகிறது, ஐயத்துக்கு இடமான கொள்வனவை அறிவிக்குமாறு வியாபாரியைப் பணிக்கிறது, தொழிலுக்காக உரம் வாங்கும் விவசாயிக்கோ வழிவிடுகிறது. இவை எவையும் பிழையற்ற ஏற்பாடுகள் அல்ல. ஆயினும் இவை அனைத்திலும் ஐயம் ஒரு கொள்வனவின் மீது, அதன் அளவின் மீது, அதைச் செய்யும் ஆளின் மீது விழுகிறதே அல்லாமல் ஓர் ஊரின் மீது விழவில்லை.

இந்த வேறுபாட்டைக் காண அயர்லாந்து வரை போக வேண்டியதில்லை. இலங்கையின் சொந்தச் சட்டப் புத்தகத்திலேயே அது உள்ளது. 1956-ஆம் ஆண்டின் 21-ஆம் இலக்க வெடிபொருள்கள் சட்டம் வெடிபொருளைச் செய்வதையும் வைத்திருப்பதையும் விற்பதையும் அனுமதிப்பத்திரத்துக்குள் கொண்டுவந்தது. அச்சட்டம் குடாநாட்டு மக்களுக்கு நேரடியாகத் தேவைப்பட்ட ஒன்று. குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இல்லை. சுண்ணாம்புக் கற்பாறையின் வெடிப்புகளிலும் குகைகளிலும் தேங்கும் மழைநீரே குடிநீரும் பாசனநீருமாகும். அதை எட்டுவதற்கு மண்ணை வெட்டியபின் பாறையில் துளையிட்டு வெடிவைத்துக் கிணறு இறக்குவது நெடுங்கால வழக்கம். ஆகவே யாழ்ப்பாணத்தில் வெடிமருந்து நீருக்கு வழிதிறக்கும் கருவியும் ஆகும். அனுமதிப்பத்திரம் என்னும் ஏற்பாடு கேட்பவை மூன்று: வாங்குபவர் யார், எவ்வளவு, எந்த இடத்தில் எந்த வேலைக்கு. விடை கிடைத்தால் உண்மையான வெடிமருந்தே சட்டப்படி கைமாறும். பொருளாதாரத் தடையோ இம்மூன்றையும் கேட்கவில்லை. போய்ச்சேரும் இடம் எது என்ற ஒன்றை மட்டுமே கேட்டது. உண்மையான வெடிபொருளுக்கு ஆளறிந்து வழிவிட்ட அரசு, ஒருபோதும் வெடிக்காத சவர்க்காரத்துக்கு ஊரறிந்து வழிமறித்தது. ஆளைப் பார்க்கும் சட்டத்திலிருந்து இடத்தை மட்டும் பார்க்கும் கட்டளைக்கு ஓர் அரசு மாறும்போது கடுமை கூடுகிறது என்பதோடு நிற்பதில்லை. குற்றம் என்றால் என்ன என்பது பற்றிய அதன் கருத்தே மாறிவிடுகிறது.

இங்கேதான் சமய தத்துவம் பேச வேண்டியிருக்கிறது. அதுவும் நல்லூர் ஆறுமுக நாவலரின் காலம் முதல் சைவசித்தாந்தம் பள்ளிப் பாடமாகவும் புராணபடனமாகவும் மக்களிடையே வழங்கிவந்த யாழ்ப்பாணத்தில், அத்தத்துவத்தின் சொற்களாலேயே இக்கேள்வியை ஆராய்வது பொருத்தமாகும். பதின்மூன்றாம் நூற்றாண்டில் மெய்கண்டார் வகுத்துத் தந்த இந்நெறி, என்றும் உள்ள பொருள்கள் மூன்று என்னும்: பதி என்னும் இறைவன், பசு என்னும் உயிர், பாசம் என்னும் கட்டு. பாசம் மூவகைப்படும். உயிரின் அறிவை மறைத்து நிற்பது ஆணவம். உயிர் செய்யும் செயலும் அதன் பயனும் கன்மம். உலகத்துக்கு முதற்காரணமாய் நிற்பது மாயை. மாயையிலிருந்து உயிர்களுக்குக் கிடைப்பன நான்கு: தனு என்னும் உடல், கரணம் என்னும் மனம் முதலிய கருவிகள், புவனம் என்னும் வாழுமிடம், போகம் என்னும் நுகர்பொருள். யூரியாவும் பற்றரியும் சவர்க்காரமும் இந்த வகுப்பில் போகத்துள் அடங்கும்.

மாயையின் காரியங்கள் அனைத்தும் சடம், அதாவது தாமாக அறியவும் விரும்பவும் இயலாதவை என்பது சித்தாந்தத்தின் உறுதியான நிலைப்பாடு. அறிவும் விருப்பமும் இல்லாத ஒன்றுக்கு வினை இல்லை; வினை இல்லாததற்குக் குற்றமும் இல்லை. உலகப் பொருள்களைத் தம்மளவில் தீயவை என்று வெறுக்கும் போக்கு பல சமயங்களில் அவ்வப்போது தலைகாட்டியுள்ளது. சித்தாந்தம் அவ்வாறு சொல்லாது. மாயையையும் மலம் என்று எண்ணியபோதிலும், ஆணவ இருளில் கிடக்கும் உயிர் சிறிதேனும் அறிவு விளங்கி மேலேறுவதற்காக இறைவன் கருணையினால் கூட்டிவைத்தவை உடலும் உலகும் நுகர்பொருளும் என்றே அது கொள்ளும். அப்படியானால் ஒரு பொருளை மனிதனிடமிருந்து விலக்குவது, அவன் உயிர்வளர்ச்சிக்கென வந்த ஒன்றைப் பறிப்பதாகிறது. அதற்கு நியாயம் இருக்கலாம். ஒருவன் அப்பொருளால் பிறர் உடலைச் சிதைக்கப் போகிறான் என்றால் பறித்தே ஆகவேண்டும். ஆனால் நியாயம் காட்டும் பொறுப்பு பறிப்பவரையே சாரும். படிப்பதற்கு விளக்கு ஏன் வேண்டும் என்று ஒரு மாணவி விளக்கம் சொல்லக் கடமைப்பட்டவள் அல்லள்.

கன்மம் பற்றிய கோட்பாடு இன்னும் கூர்மையானது; இவ்விடத்தில் சிறிது நின்று செல்வது தகும். ஒருவர் செய்த வினையின் பயன் அவரையே சாரும், பிறரைச் சாராது என்பது அதன் முதல் விதி. தடையை நியாயப்படுத்த விரும்பும் ஒருவர் இதே கோட்பாட்டைத் திருப்பிப் பிடிக்கக்கூடும்: குடாநாட்டு மக்கள் பட்ட துன்பம் அவர்களுடைய பழவினையின் பயனே அல்லவா, அரசு அதற்கு வெறும் கருவி அல்லவா என்று அவர் கேட்கலாம். இந்த வாதம் அரசுத் தரப்பில் மட்டும் எழுவது அன்று. துன்பத்தில் களைத்த மக்களே அக்காலத்தில் தம்மைத் தேற்றிக்கொள்ள இவ்வாறு சொன்னதுண்டு. சித்தாந்தம் இதற்கு இரண்டு விடைகளை வைத்திருக்கிறது. வினை மூவகை: முன்பிறவிகளில் ஈட்டிக் குவித்து வைத்தது சஞ்சிதம், அதிலிருந்து இப்பிறவியில் நுகர வந்தது பிராரத்தம், நுகரும்போதே புதிதாகச் செய்து சேர்ப்பது ஆகாமியம். துன்புறுபவர் நுகர்வது பிராரத்தம் ஆகலாம். துன்புறுத்துபவர் அச்செயலால் தேடிக்கொள்வது ஆகாமியம். முன்னதைக் காட்டிப் பின்னதிலிருந்து தப்ப முடியாது. முடியுமானால் கொலைகாரன் ஒருவன்கூடக் குற்றவாளி ஆகான். மத்திய வங்கியின் வாயிலுக்கு லொறியை ஓட்டியவனும் அதே வாதத்தைச் சொல்லிவிட்டுப் போகலாம்.

இரண்டாவது விடை இன்னும் ஆழமானது. கன்மமும் சடமே ஆதலால் தன்னைச் செய்தவன் யார் என்று தானே தேடிச்சென்று பற்றமாட்டாது. செய்தவனை அறிந்து, செய்த அளவை அறிந்து, அவனிடமே அதன் பயனைச் சேர்ப்பிக்க முற்றறிவுடைய ஒருவன் வேண்டும். அவனே பதி என்று சித்தாந்திகள் வாதிட்டனர். கன்மம் தானே பயன்தரும் என்ற மீமாஞ்சகரை மறுத்து இறைவன் உண்டு என்பதை நிறுவுவதற்காக எழுந்த வாதம் இது. ஆனால் அதனுள் ஒரு நீதிக் கோட்பாடு பொதிந்திருக்கிறது: யார் செய்தார் என்ற அறிவு இல்லாமல் தண்டனை நிகழ முடியாது. இறைவனுக்கே இன்றியமையாதது என்று தத்துவம் கூறும் அந்த அறிவை, ஓர் அரசு தனக்கு வேண்டாம் என்று ஒதுக்கிவிட முடியுமா? அரசுக்கு முற்றறிவு இல்லை. இல்லாததனாலேயே அது தேடவும் கேட்கவும் சான்றுகளை நிறுத்துப் பார்க்கவும் கடமைப்பட்டுள்ளது. விசாரிக்காமலே பல இலட்சம் பேரிடம் பயனைச் சேர்ப்பிப்பது, பதியின் தொழிலைப் பதியின் அறிவின்றிச் செய்ய முனைவதாகும்.

எதிர்த்தரப்பின் மிக வலிய வாதமும் இவ்விடத்திலேயே பிறக்கிறது. மனிதனின் நோக்கத்தைப் பார்க்க முடியாது. பார்க்க முடிவது அவன் கையிலுள்ள பொருளையே. ஆகவே அறியாமையை ஒப்புக்கொள்ளும் அரசு பொருளைத்தான் தடுக்க முடியும் என்று அவ்வாதம் சொல்லும். இதில் பாதி உண்மை உண்டு. நோக்கம் மறைந்திருப்பதால் பொருள் வழியே அதைத் தேடலாம். வழக்கத்துக்கு மாறான அளவில் உரம் வாங்குபவரையும், வெடிமருந்தைத் தூண்டி வெடிக்கச்செய்யும் சிறு குழாயாகிய வெடிப்பியைத் தொழில் இல்லாமல் தேடுபவரையும் நிறுத்திக் கேட்கலாம். ஆனால் அறியாமை கேள்வி கேட்பதற்கு உரிமை தருகிறதே அல்லாமல் தீர்ப்புக் கூறுவதற்கு உரிமை தருவதில்லை. கேட்கப்படுபவர் விடை சொல்லிப் பொருளைப் பெற்றுச்செல்லும் வழி இருக்கும்வரை அது விசாரணை. என்ன விடை சொன்னாலும் கிடைக்காது என்னும் இடத்தில் அது தண்டனையாகிவிடுகிறது.

அரசாண்டவர்கள் பெரிதும் போற்றிய பௌத்தமும் இவ்விடத்தில் வேறுபடவில்லை. வினை என்பது உள்ளத்தின் எண்ணமே என்று புத்தர் வரையறுத்தார். செயலின் நன்மை தீமையைப் பொருளிலோ குலத்திலோ தேடாமல் எண்ணத்தில் தேடும் நெறி அது. அதே வேளையில், இல்லறத்தார் செய்யக்கூடாத ஐந்து வணிகங்களுள் ஆயுத வணிகத்தை அவர் முதலில் வைத்தார். மனிதர், இறைச்சி, மது, நஞ்சு ஆகியவை மற்றவை. ஆயுதம் விற்பவர் விலக்கப்பட்டார். இரும்பு விற்பவர் அந்தப் பட்டியலில் இல்லை. கொலைக்கு அண்மையில் நிற்கும் பொருளுக்கும் தொலைவில் நிற்கும் பொருளுக்கும் இடையே அறம் வேறுபாடு காண்கிறது என்பதே இதன் பொருள். ஆர்டிஎக்ஸ், டிஎன்டி போன்ற வெடிமருந்துகளும் வெடிப்பியும் கொலைக்கு மிக அண்மையில் நிற்பவை. உரம் சற்றுத் தொலைவில், பற்றரி மேலும் தொலைவில் நிற்கின்றன. சவர்க்காரமும் மெழுகுதிரியும் அந்தப் பாதையிலேயே இல்லை. கட்டுப்பாட்டின் கடுமை இந்த அண்மையை ஒட்டிக் கூடிக்குறைய வேண்டும்.

கத்தோலிக்க மரபில் தோமஸ் அக்குவினாஸ் தற்காப்பைப் பற்றி எழுதிய பகுதியிலிருந்து வளர்ந்த இரட்டை விளைவுக் கோட்பாடு இதையே வேறு வழியில் சோதிக்கிறது. ஒரே செயலால் நன்மையும் தீமையும் விளையும்போது, தீமை நோக்கமாகவும் இருக்கக்கூடாது, நன்மைக்கு வழியாகவும் இருக்கக்கூடாது, நன்மையை மிஞ்சவும் கூடாது என்பது அதன் சுருக்கம். சவர்க்காரத் தடையை இதில் வைத்துப் பார்த்தால் இரண்டு விடைகளே எஞ்சுகின்றன. வெடிமருந்தைத் தடுப்பதே நோக்கம் என்றால் சவர்க்காரத்தை நிறுத்தியதால் அந்நோக்கம் அணுவளவும் முன்னேறவில்லை. பயனற்ற துன்பம் எந்த நன்மைக்கும் பக்கவிளைவு ஆகாது. மக்களை வருத்திப் புலிகளிடமிருந்து பிரிப்பதே நோக்கம் என்றால், அப்போது துன்பம் பக்கவிளைவாக இல்லாமல் வழியாகவே மாறிவிடுகிறது. அதைத்தான் கோட்பாடு முற்றாக விலக்குகிறது.

பயன் பற்றிய கேள்விக்கு வரலாறே ஒரு கொடிய விடை தந்தது. குடாநாட்டு வீடுகளில் பற்றரி அரும்பொருளாய் இருந்த 1994-இல், புலிகளின் வெளிநாட்டுக் கொள்வனவுப் பிரிவு உக்ரேனிலிருந்து ஏறத்தாழ 50 தொன் டிஎன்டியையும் 10 தொன் ஆர்டிஎக்ஸையும் கப்பலில் கொண்டுவந்ததாக ஆய்வாளர் பலர் எழுதியுள்ளனர். வங்காளதேசத்தின் பெயரில் போலியாகச் செய்த இறுதிப் பயனர் சான்றிதழ், அதாவது ஆயுதம் எந்த நாட்டின் பயன்பாட்டுக்குப் போகிறது என்று உறுதிகூறும் அரசுப் பத்திரம், அக்கொள்வனவுக்கு உதவியது. தடைமுகாமில் பயணிகளின் பைகளைக் குடைந்து மெழுகுதிரியை எடுத்துக்கொண்டிருந்த காலத்தில், தொன் கணக்கான வெடிமருந்து ஒரு கடதாசியின் பலத்தில் கடல் கடந்துவிட்டது. அந்தக் கடதாசியைச் சரிபார்ப்பதே வெடிமருந்தைத் தடுக்கும் கொள்கையின் உண்மையான வேலை. அது துறைமுகங்களிலும் தூதரகங்களிலும் வங்கிக் கணக்குகளிலும் பொறுமையாகச் செய்யவேண்டிய, புகழ் தராத வேலை.

திருக்குறளின் செங்கோன்மை அதிகாரம், கொடியவரை வேந்தன் தண்டிப்பதைப் பயிரின் நடுவே களை எடுப்பதற்கு ஒப்பிடுகிறது. கொலைகாரரைத் தண்டிப்பதில் குறளுக்குத் தயக்கம் இல்லை. அதைச் சாந்தி பேசும் நூலாக மட்டும் படிப்பவர் அவ்விடத்தை மறந்துவிடுகின்றனர். ஆனால் அவ்வுவமையின் முழு வலிமையும் களையையும் பயிரையும் வேறுபடுத்தும் கண்ணில் இருக்கிறது. வெங்காயத் தோட்டத்தில் குந்தியிருந்து களை பிடுங்குபவர் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தே பிடுங்குகிறார். களை மிகுந்துவிட்டது என்று துலாவை நிறுத்தித் தோட்டம் முழுவதற்கும் நீரை மறிப்பவர் களை எடுத்தவர் ஆகமாட்டார்.

இந்த அறக்குற்றம் ஒரு தரப்புக்கு மட்டும் உரியது அன்று என்பதையும் இவ்விடத்தில் சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் மேற்கூறிய நியாயங்கள் அனைத்தும் வெறும் வழக்காடலாகிவிடும். 1990 ஒக்ரோபர் 30 அன்று யாழ்ப்பாண நகரின் முஸ்லிம் மக்களை இரண்டு மணி நேர அவகாசத்தில் புலிகள் வெளியேற்றினர். அம்மாதத்தில் வடக்கு முழுவதிலும் இருந்து 70,000-க்கும் மேற்பட்டோர் அவ்வாறு துரத்தப்பட்டனர். புலிகளின் பாதுகாப்புக்கு ஆபத்து என்பதே காட்டப்பட்ட காரணம். சோனகதெருவில் பல தலைமுறையாகக் கடை வைத்தும் தையல் தொழில் செய்தும் வாழ்ந்தவரிடம், நீர் என்ன செய்தீர் என்று எவரும் கேட்கவில்லை. அவர் எந்த மக்களைச் சேர்ந்தவர் என்பதே போதுமானதாயிற்று. எஞ்சிய தமிழ் மக்களும் குடாநாட்டை விட்டு வெளியேறப் புலிகளின் பாஸ் பெற வேண்டியிருந்தது. உள்ளே வந்த பொருளுக்கு வரி கொடுக்க வேண்டியிருந்தது. அரசு பொருளைச் சாட்டி ஊரை ஐயுற்றது, புலிகள் சமயத்தைச் சாட்டி ஒரு மக்கள் கூட்டத்தை ஐயுற்றனர். செயலைத் தேடாமல் சேர்க்கையைத் தேடியதில் இரண்டும் ஒன்றே. வெளியேற்றத்தின் அநீதியை மெல்லப் பேசிவிட்டுத் தடையின் அநீதியை உரக்கப் பேசும் எழுத்து, கன்மக் கோட்பாட்டைப் பாதி மட்டும் நம்பும் எழுத்தாகும்.

சர்வதேசச் சட்டமும் இதே முடிவை நோக்கி மெல்ல நகர்ந்துள்ளது. 1949-இன் நான்காம் ஜெனீவா உடன்படிக்கையின் 33-ஆம் உறுப்புரை, தான் செய்யாத குற்றத்துக்காக எவரும் தண்டிக்கப்படலாகாது என்று கூறிக் கூட்டுத் தண்டனையை விலக்குகிறது. அது நாடுகளுக்கிடையிலான போருக்கு உரியது. உள்நாட்டுப் போருக்கும் அவ்விலக்கை விரித்த 1977-இன் இரண்டாம் மேலதிக நெறிமுறையில் இலங்கை இணையவில்லை. எனினும் கையொப்பம் இல்லாத இடத்தில் அறம் இல்லாமற் போவதில்லை. சட்டம் வந்து சேருவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே, ஒருவர் வினை மற்றவரைச் சாராது என்று இந்நிலத்தின் சமயங்கள் கற்பித்துவிட்டன.

2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு அன்று கொழும்பிலும் நீர்கொழும்பிலும் மட்டக்களப்பிலும் தேவாலயங்களிலும் விடுதிகளிலும் குண்டுகள் வெடித்து 260-க்கும் மேற்பட்டோர் இறந்தபோது, பழைய கேள்வி புதிய வடிவில் திரும்பியது. அவ்வாண்டு ஜனவரியிலேயே புத்தளம் மாவட்டத்தின் வனாத்தவில்லுவில் ஒரு தென்னந்தோட்டத்தில் ஏறத்தாழ 100 கிலோ வெடிபொருளும் வெடிப்பிகளும் பொலிசாரிடம் அகப்பட்டிருந்தன. ஏப்ரல் 4-இல் இந்தியாவிலிருந்து எச்சரிக்கை வந்திருந்தது. செயல் தெரிந்திருந்தது, ஆட்கள் பெயரளவில் தெரிந்திருந்தனர், பொருளும் கைக்கு எட்டியிருந்தது. ஐயம் எங்கே விழவேண்டுமோ அங்கே விழுவதற்கான எல்லாச் சான்றும் இருந்தும் அது விழவில்லை. தாக்குதலுக்குப் பின்னரோ, ஏப்ரல் 29 முதல், அவசரகாலச் சட்டத்தின் கீழ் முகத்தை மூடும் உடைகள் தடைசெய்யப்பட்டன. முன்னர் சவர்க்காரத்தின் மீது விழுந்த ஐயம் இம்முறை ஒரு துணியின் மீது விழுந்தது; தோட்டத்தில் கிடைத்த வெடிபொருளின் தடத்தைத் தொடராத அரசு, அதனோடு எந்தத் தொடர்பும் இல்லாத பெண்களின் முகத்திரையைத் தொடர்ந்தது.

அந்தத் தாக்குதலைப் பற்றிய ஒரு தீர்ப்பில் மட்டும் கேள்வி சரியான திசையில் திரும்பியது. 2023 ஜனவரி 12 அன்று இலங்கை உயர் நீதிமன்றம், தெரிந்திருந்தும் தடுக்கத் தவறியவர்களைப் பெயர் குறித்துப் பொறுப்பாளிகளாக்கியது: முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன 10 கோடி ரூபாயும், முன்னாள் பொலிஸ் மாஅதிபர் பூஜித் ஜயசுந்தரவும் அரச புலனாய்வுச் சேவையின் முன்னாள் பணிப்பாளர் நிலந்த ஜயவர்தனவும் தலா 7.5 கோடி ரூபாயும், முன்னாள் பாதுகாப்புச் செயலாளர் ஹேமசிறி பெர்னாண்டோ 5 கோடி ரூபாயும், தேசிய புலனாய்வுத் தலைவராயிருந்த சிசிர மென்டிஸ் 1 கோடி ரூபாயும் தம் சொந்தப் பணத்திலிருந்து இழப்பீடாகச் செலுத்த வேண்டும் என்று அது கட்டளையிட்டது. செய்தவர் யார், எந்த அளவில், எந்தக் கடமையில் என்று தனித்தனியே அறிந்து பயனைச் சேர்ப்பிக்கும் முறை அத்தீர்ப்பில் இருக்கிறது. குடாநாட்டின் பன்னிரண்டு ஆண்டுத் தடைக்கு, எந்தப் பொருளை யார் எந்தக் காரணத்துக்காகப் பட்டியலில் சேர்த்தார் என்று கேட்டு அவ்வாறான கணக்கு ஒன்று இதுவரை எடுக்கப்படவில்லை. ஜாம் போத்தல் விளக்கில் படித்தவர்கள் ஐம்பது வயதைத் தொட்டுவிட்ட இன்றைக்கும் அக்கணக்கைக் கேட்கும் உரிமை அவர்களிடமே இருக்கிறது.